கடைசி சீட்

என் அண்ணி பள்ளி வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகள் எல்லாரும் இறங்கிய பிறகும், கடைசி சீட்வரை போய்ப் பார்க்காமல் வண்டியைப் பூட்டமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குன்றேறி, காட்டைக் கடந்து ஏரிக்கரைக்கு வந்தோம். தன் நடை வேகத்தை வழியெல்லாம் பீற்றிக்கொண்ட அப்பா எங்களுக்கு முன்னாலேயே போயிருப்பார் என்று நினைத்து, நாங்கள் பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். அண்ணி மட்டும் உட்காரவில்லை. "ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்" என்று காட்டுக்குள் திரும்பிப் போனார். சற்று நேரத்தில், கால் பிசகிய அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு குரல் கொடுத்திருக்கலாமேப்பா?"

"எதுக்குக் கத்தணும்? உங்கள நம்பியா வந்தேன்? என் மருமக கடைசி சீட்டைப் பாக்காம விடமாட்டா. அதான் நிம்மதியா மரத்தடியில உக்காந்திருந்தேன்."