ஒற்றை வேம்பும் ஒரு வாரத் தோப்பும்

கம்பெனி பஸ்ஸில் அரைத்தூக்கத்திலிருந்து கண் திறந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் பஸ் எதற்கோ நின்றிருந்தது. ஜன்னலின் இடது ஓரத்தில், பனிக்குள் ஒரு வேப்பமரம். வலப்பக்கம் முழுக்க வெட்டவெளி. யாரோ சட்டம் போட்டு மாட்டிய படம் மாதிரி இருந்தது. புது வருடக் காலண்டருக்காகத் தொழிலாளர்கள் எடுத்த புகைப்படங்களைக் கம்பெனியில் கேட்டிருந்த நேரம் அது. ஜனவரிப் பக்கம் எனக்குத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். என்னிடம் காமிரா இல்லை என்பது ஷெட்டுக்குள் நுழைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

காமிரா என் அறைத்தோழனுடையது. திருநெல்வேலிக்காரன், என்னோடு அதே லைனில் வேலை. அக்கா கல்யாணத்துக்கு வாங்கியதைப் பத்திரமாக வைத்திருந்தான். கெஞ்சி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்து, பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தேன். அவன் பார்த்தான்.

"ஏலே, மரத்துக்கு ஓட்டர் அட்டைப் படம் எடுத்துட்டு வந்திருக்கியா?"

நட்டநடுவில் விறைப்பாக நின்றது மரம். பின்னாலிருந்த கரண்டு கம்பம் அதன் உச்சியிலிருந்து முளைத்திருந்தது.

"கொம்பு வேற வச்சிருக்க."

அடுத்த ஞாயிறு உஷாராகப் போனேன். கம்பம் அடிமரத்துக்குப் பின்னால் மறையும்வரை பக்கவாட்டில் நகர்ந்தேன். மரத்தை ஓரத்துக்குத் தள்ள முன்னால் போனேன், பின்னால் வந்தேன், ஒற்றைக் கண்ணை மூடிக் கட்டைவிரலை நீட்டினேன். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அக்கா இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். நிலம் அவருடையது.

"இன்னாபா, நெலத்த அளந்துகினு கீறியா?"

"இல்லக்கா, போட்டோ. கம்பெனிக்கு."

"எங்க நெலம் கம்பெனிக்குப் போவுதா?"

"நெலம் வேணாங்கா. இந்த மரம் மட்டும் போதும்."

அந்த அக்கா வேம்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கம்பெனிகளுக்காக நிலம் எடுக்கும்போது அதிலுள்ள மரங்களுக்குத் தனியாக விலை போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்த ஊரில் அது ஆடுகளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது பிரிண்டில் கொம்பு இல்லை. ஆனாலும் அறைத்தோழன் விடவில்லை. "மரம் ஓரத்துல நிக்கி, சரி. முன்னால இம்புட்டு எடம் ஏன்லே சும்மா கெடக்கு?" எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அவன் சொன்னது சரி. கீழ்ப்பாதி முழுக்க வறண்ட மண். கண் உள்ளே போக ஒரு வழி இல்லை. ஒரு கல், ஒரு குட்டை, ஏதாவது முன்னால் வேண்டும்.

மூன்றாவது ஞாயிறு கல் தேடிப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். என் ஒற்றை வேம்பைச் சுற்றி மாங்கன்று, தென்னம்பிள்ளை, கொய்யா. ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி, தூரத்திலிருந்தே தெரிய ஒரு சிவப்புத் துணி. அந்த அக்கா குடத்தோடு நின்றிருந்தார்.

"இன்னா லேட்டு? எல்லா மரமும் நல்லா தெரியிற மாதிரி புடி."

"இதெல்லாம் மரமாக்கா?"

"பின்ன? சின்ன மரம்."

காலண்டர் விஷயத்தைச் சொன்னேன். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தார்.

"காலண்டருக்கா? ஒரு வாரமா நான் தண்ணி தூக்கிகினு கெடக்குறேன், நீ தேதி கிழிக்கப் படம் புடிச்சியா?"

அதற்குமேல் சொன்னதை எழுத முடியாது. தப்பிக்க ஒரே வழி, வேலை செய்வதுபோலக் காட்டிக்கொள்வது. சட்டென்று மண்ணில் குப்புறப் படுத்துக் காமிராவில் கண்ணை வைத்தேன். வைத்தவன் எழுந்திருக்கவில்லை. காமிராவுக்குக் கிட்டே இருந்த மாங்கன்று வேம்பின் பாதி உயரத்துக்குத் தெரிந்தது. அதன் பின்னால் மற்ற கன்றுகள் ஒவ்வொன்றாகச் சிறுத்து, கண்ணை நேராக மரத்துக்குக் கூட்டிப் போயின.

"அக்கா, வந்து பாருங்க."

புடவையைச் செருகிக்கொண்டு அவரும் படுத்தார். காமிராவில் கண்ணை வைத்தார்.

"அய்ய, தோப்பு மாரி கீதுபா!" கோபம் போன இடம் தெரியவில்லை. "நெசமாவே கம்பெனிக்காரன் வந்தா இப்புடியே படுக்க வெச்சுக் காட்டிடலாம்."

படம் கொடுக்கக் கடைசி நாள் அடுத்த ஞாயிறுக்கு மறுநாள். அதற்குள் சிவப்புத் துணிகளை அவிழ்த்துவிட்டு, கன்றுகளை நான் சொல்லும் இடத்தில் வளைவாக மாற்றி நட அக்கா ஒப்புக்கொண்டார். தண்ணீர் மட்டும் நான் தூக்க வேண்டும். வரும் ஞாயிறு ஓவர்டைமுக்கு நான் இல்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, பனி விலகுவதற்குள் போய்ப் படுக்க வேண்டும். ஆடுகள் கன்றுகளை மேய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ள அறைத்தோழன் வருவான். அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.