முன்னே பின்னே வந்த சிக்னல்கள்

அவனியாபுரம் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் எம்.இ. படித்தபோது, எனக்கும் என் தோழிக்கும் ஒரே புராஜெக்ட். பல செல்போன்கள் ஒரு அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டு முறைகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து ஒப்பிட வேண்டும். எல்லோரும் பயன்படுத்தும் ஓஎஃப்டிஎம் என்ற முறைக்கு அவள் கட்சி. ஃபில்டர் பேங்க் என்ற இன்னொரு முறைக்கு நான் கட்சி; அதுதான் ஜெயிக்கும் என்று பீற்றிக்கொண்டிருந்தேன். முதல் தடவை ஓட்டியபோது இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்தன.

"இதுக்கா இம்புட்டு அலம்பல் பண்ணுன?" என்று சிரித்தாள்.

அவள் டீ குடிக்கப் போன நேரத்தில், ஒவ்வொரு போனின் சிக்னலும் கொஞ்சம் முன்னே பின்னே வந்து சேரும்படி புரோகிராமை மாற்றிவைத்தேன். ஓஎஃப்டிஎம் அதைத் தாங்காது என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்தவள், தன் முறையில் பிழைகள் எகிறியிருப்பதைப் பார்த்து மறுபடி மறுபடி ஓட்டினாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னடி பண்ணித் தொலைச்ச?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். புரோகிராமைப் பழையபடி மாற்றினோம். பிழைகள் எகிறியதைக் காட்டிய கிராஃப் மட்டும் அவள் லேப்டாப்பிலேயே கிடந்தது.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், "எல்லா போன் சிக்னலும் ஒரே நேரத்துல வந்து சேராட்டி என்னம்மா ஆகும்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் லேப்டாப்பைத் திருப்பி அந்த கிராஃபைக் காட்டினாள்.

"அதையும் பாத்துட்டோம் சார். என்னோட ஐடியாதான்."