புது புஷ்ஷுக்கும் எண்ணெயா?

இன்னிக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கல.

எங்க கம்பத்து, அதான் கிராமத்து மண் ரோட்டுல போகும்போதெல்லாம் கார் பின்னால டங் டங்குன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. லீவு போட்டுட்டு ரோவல் ரோடு பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

மெக்கானிக் காதர் பாய் பின்பக்க ஸ்பிரிங் முனையில அதிர்ச்சியைத் தாங்குற ரப்பர் புஷ்ஷைக் கழற்றி என் கையில வச்சார். சாம்பார்ல ஊறின வடை மாதிரி பிஞ்சு வந்துச்சு.

"ரப்பருக்கு எண்ணெய் ஆகாது தம்பி. யார் ஊத்துனது?"

வேற யாரு? என் சம்சாரத்தோட அண்ணன்தான். நேவல் பேஸ்ல வேலை. "கப்பலுக்கே எண்ணெய் போடுறவன் நான்"னு சொல்லிச் சொல்லி, வெள்ளிக்கிழமை தவறாம காருக்கு அடியில ஊத்துவார். சத்தம் கேட்டா இன்னும் கொஞ்சம் ஊத்துவார்.

எல்லா புஷ்ஷையும் மாத்தியாச்சு. கார் சத்தமே இல்லாம வீடு வந்துச்சு. நான்தான் சத்தம் போட்டேன், தொண்டை கட்டுற வரைக்கும். மச்சான் எல்லாத்துக்கும் தலையை ஆட்டினார். புரிஞ்சிடுச்சுன்னு நம்பி குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தா, காருக்கு அடியில ரெண்டு கால் தெரியுது.

"கோவப்படாதீங்க மாப்பிள்ளை. புதுசா இருக்கும்போதே ஊத்திட்டா கெடாது லா."

நீங்களே சொல்லுங்க. எண்ணெய் டின்னை ஒளிச்சு வைக்கவா, மச்சானை ஒளிச்சு வைக்கவா?