கடலில் இறக்கிய கிணற்றுக் கற்கள்

அறுபதுகளின் நடுவில், செஞ்சி கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தேன். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சிங்கவரத்தில் என் நிலத்தில் கிணறு வெட்டியபோது வெடி வைத்துப் பெயர்த்த பாறைகள் வரப்போரம் குவிந்து கிடந்தன.

மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து சந்தைக்குக் கருவாடு கொண்டுவரும் அம்மாள் ஒருவர், ஒருநாள் கடை முன் வந்து நின்றார்.

“மொதலாளி, உன் கெணத்தாண்ட குவிஞ்சு கெடக்குற கல்ல எங்களுக்குக் குடுத்துடு. கடல்ல போடணும்.”

“கடல்ல போட்டு இன்னாம்மா பண்ணப்போற?”

“மீனு தங்கறதுக்கு. எங்க கரையில மீனே இல்லாம போச்சு. பாதி ஊரு உப்பளத்துக்குக் கூலிக்குப் போவுது.”

நான் நம்பவில்லை. ரோடு போடுகிறவர்களிடம் விற்றுவிடுவார்கள் என்றே நினைத்தேன். சரி என்று சொல்லிவிட்டு, குப்பத்தார் கொண்டுவந்த லாரியில் நானும் ஏறிக்கொண்டேன். கடல் பார்க்க ஆசை என்று சொன்னேன்; வேவு பார்க்கத்தான் போனேன்.

கரையில் ஊரே காத்திருந்தது. கற்களை இரண்டு மூன்றாகக் கட்டுமரங்களில் ஏற்றினார்கள். அந்த அம்மாளின் கணவர் என்னையும் ஏறச் சொன்னார். அதுவரை கடலில் கால் நனைத்ததோடு சரி. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கரை ஒரு கோடாகத் தெரிந்த இடத்தில் நிறுத்தி, துடுப்பைச் செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறக்கினார்.

“மேல் நுனியில காத வெச்சுக் கேளு மொதலாளி. அடியில மீனு இருந்தா சத்தம் கேக்கும்.”

“ஒண்ணும் கேக்கலியே.”

“அதான். அடியில வெறும் மணலு. மீனுக்கு ஒதுங்க எடம் இல்ல.”

பிறகு கற்களைத் தள்ளினார்கள். மரக்கிளைகளையும் கல்லில் கட்டி இறக்கினார்கள். ஒவ்வொரு கல்லும் மூழ்க மூழ்க, நான் வந்த காரணத்தை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுவருஷம் அந்த அம்மாளே வந்து கூப்பிட்டார். போனேன். கரையிலிருந்த இரண்டு பனைகளை அடையாளம் பார்த்து, அவர் கணவர் அதே இடத்தில் நிறுத்தினார். பொழுது சாயும் நேரம். துடுப்பில் காதை வைத்தேன்.

வாணலியில் மல்லாட்டை பொரிவதுபோல் படபடவென்று ஒரு சத்தம். அதற்கும் அடியில், பானையை விரலால் தட்டுவதுபோல் டொக் டொக்கென்று. ஒன்று இரண்டல்ல.

“கத்தாழ மீனு. கூட்டமா பேசிக்குது” என்றார்.

மேலே தண்ணீர் சும்மா கிடந்தது. காதை எடுக்கவே மனம் வரவில்லை.

“வல போடலியா?”

“இப்பக் கூடாது. பெருசோட குஞ்சும் கெடக்குது. அதுங்க வளந்து முட்ட போடட்டும். ஊர் கட்டுப்பாடு.”

துடுப்பைப் பிடித்திருந்த அவர் கைகள் உப்பளத்து வேலையில் வெடித்திருந்தன.

கரைக்கு வந்ததும் அந்த அம்மாளிடம் என் சந்தேகத்தைச் சொல்லிவிட்டேன்.

“மொதல் நாளே தெரியும் மொதலாளி. அதான் உன்னக் கட்டுமரத்துல ஏத்தச் சொன்னேன்” என்றார், சாதாரணமாக.

சில வருஷங்களில் உப்பளத்துக்குப் போனவர்கள் பலரும் கடலுக்கே திரும்பிவிட்டார்கள். ஆனாலும், காலுக்கடியில் அத்தனை மீன் இருப்பது தெரிந்தும், வீட்டில் கஷ்டத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் வெறுங்கையோடு கரை திரும்பிய அந்தச் சாயங்காலத்தை நினைத்தால், எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.