கியர் இறுகிய வெள்ளிக்கிழமை

என் மனைவி தங்கேஸ்வரியைக் கண்ணாடி விரியன் கடித்தது யுத்த காலத்தில், ஒரு மாசி மாத வெள்ளிக்கிழமை காலை. வெல்லாவெளிப் பக்கம் எங்கள் வயல் வட்டையில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. வெட்டிய கதிரை அள்ளக் குனிந்தவள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். வாவிக்கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் கால் முழங்கால்வரை வீங்கிவிட்டது. பல் ஈறில் இரத்தம் கசிந்தது. விஷத்துக்கு மருந்து அக்கரையில், மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில். தெருவோ சண்டையால் மூடிக் கிடந்தது.

ஆனாலும் அப்போது நான் பெரிதாகக் கலங்கவில்லை. நோயாளிகளை ஏற்றிப்போக ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்திருந்த படகுக்கு நான்தான் ஓட்டி, நான்தான் மெக்கானிக். டீசல் எஞ்சின் படகுக்குள்ளே இருக்கும். கியரும் புரொப்பெல்லரும் உள்ள கால் பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். எத்தனையோ பேரை அதில் கரை சேர்த்திருக்கிறேன். களுதாவளைப் பிள்ளையார் துணை இருக்கும்போது எனக்கென்ன பயம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் எஞ்சினை எடுத்தேன். தங்கேஸ்வரியின் தம்பி தவம் அவளை மடியில் தாங்கிக்கொண்டு இருந்தான்.

அக்கரையில் இராணுவக் காவலரண். கரைக்கு இப்பால் தண்ணீரில் ஒரு கம்பு நட்டிருப்பார்கள். அந்த இடத்தில் கியரை நடுவுக்கு எடுத்துப் படகை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்த வேண்டும். அவர்கள் வெள்ளைக் கொடி அசைத்தால்தான் கரைக்குப் போகலாம். நிற்காமல் போன படகுக்கு என்ன நடக்கும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கம்பு கிட்ட வந்ததும் கியர் லீவரை இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை. படகு கம்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தலைக்கு மேலால் ஒரு வெடி போனது. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்தினேன்.

நல்ல காலம், வெள்ளைக் கொடி அசைந்தது. ஆனால் இந்த எஞ்சினில் லீவர் நடுவில் நின்றால்தான் ஸ்டார்ட் எடுக்கும். என் லீவரோ முன்பக்கம் இறுகிக் கிடந்தது. மாரித் தண்ணீர் வடியாமல் ஆழமாக இருந்ததால் கம்பூன்றிப் படகைத் தள்ளவும் முடியவில்லை. கடற்காற்று எங்களை வந்த பக்கமே தள்ளியது.

"அத்தான், அக்காக்குக் கண் மூடுது. ஏதாவது செய்யுங்க!" என்று தவம் கத்தினான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளையாரோடு சண்டை பிடித்தேன். "வெள்ளிக்கு வெள்ளி உன் வாசலில் நிற்கிறேனே, எனக்கா இது?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது. பிறகு, "அப்பனே, கை வைக்கவேண்டிய இடத்தைக் காட்டு" என்று மட்டும் கும்பிட்டேன்.

கும்பிட்ட கையோடு எஞ்சின் மூடியைத் திறந்தேன். கியருக்கு இரண்டு கேபிள். ஒன்று லீவரிலிருந்து எஞ்சின் வரை. மற்றது எஞ்சினிலிருந்து வெளியே உள்ள கால்வரை. இரண்டும் எஞ்சினில் ஒரு தகட்டில் வந்து சேரும். லீவர்க் கேபிளைத் தகட்டிலிருந்து கழற்றிவிட்டுக் கால் கேபிளைக் கையால் தள்ளிப் பார்த்தேன். சுகமாக ஓடியது! காலில் ஒரு பிழையும் இல்லை. பிழை முழுக்க லீவர்க் கேபிளில். அதன் நுனியைத் தொட்டேன். கறுப்புப் பசை போல ஏதோ விரலில் ஒட்டியது. முகர்ந்தேன். கோயில் வாசம் அடித்தது.

அடியார்களே, அந்தப் பசை என் பக்திதான். யுத்தத்தில் சாமான்களுக்குப் போட்ட தடையால் கிரீஸ் கிடைப்பது அரிது. கிடைக்கிற கொஞ்சத்தையும் நான் தேடி வாங்கிப் பூசவில்லை. வெள்ளிதோறும் பிள்ளையாரின் விளக்கில் மிஞ்சிய எண்ணெயைக் கொண்டுவந்து, பிள்ளைகளின் நெற்றியில் தடவிவிட்டு, மிச்சத்தைக் கேபிளுக்குள் விடுவேன். கரியும் திரித்தூசும் உப்புக் காற்றும் சேர்ந்து உள்ளே பிசினாய் இறுகிவிட்டன. இரண்டு கிழமையாக லீவர் கடினமாகத்தான் இருந்தது. "கழட்டிப் பாருங்களன், சத்தமே வேற மாதிரி இரிக்கு" என்று தங்கேஸ்வரி சொன்னாள். நான் இன்னும் நாலு சொட்டு விட்டேன்.

கேட்ட இடத்தைப் பிள்ளையார் காட்டிவிட்டார். கால் கேபிளைக் கையாலேயே நடுவுக்குத் தள்ளினேன். லீவர் முன்பக்கமே கிடந்ததால் சாவிக்கு எடுக்காது என்று ஸ்க்ரூ டிரைவரால் ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டேன். எஞ்சின் உறுமியது. தங்கேஸ்வரியைப் படகின் தரையில் படுக்கவைத்துவிட்டுத் தவம் ஸ்டியரிங்கைப் பிடித்தான். நான் எஞ்சினோடு குந்தியிருந்து தகட்டைக் கையால் தள்ளி முன்னுக்குப் போட்டேன். கரை நெருங்க நடுவுக்கு எடுத்தேன். கடைசியில் பின்னுக்கு இழுத்தேன். முட்டாமல் மோதாமல் படகு துறையில் போய் நின்றது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கைவிட்டிருக்க வேண்டும் என்றார் டொக்டர். மூன்றாம் நாள் அவள் கண் திறந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"பிள்ளையார்ர எண்ணெயப் பிள்ளையாரிட்டயே விடுங்க. நான் இன்னும் கொஞ்சக் காலம் இரிக்கணும்" என்றாள்.

அதைக் கேட்டு நான் அழுத அழுகை நன்றி அழுகை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை விடிந்தால் முதலில் கேபிளைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் பூசி, லீவரை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போகிறேன். அந்தத் துடைப்பும் எனக்குப் பூசைதான். கஷ்டத்தில் இருக்கிறவர்களே, நீங்களும் அவரிடம் தைரியமாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள். அவர் காட்டுவார்.

எங்கள் வீட்டில் எண்ணெய்ப் போத்தல் இப்போது தங்கேஸ்வரியின் பொறுப்பில். நான் படகில் ஏறும்முன் என் இரண்டு கைகளையும் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விடுவாள்.