நடைக்காரம்மாவின் ஹாலிவுட்

தொலைக்காட்சியின் மேல் பாதியைப் பரீட்சை அட்டையால் மறைத்த பிறகுதான் நடைக்காரம்மா படத்தை ஓடவிடுவார். இரண்டு அட்டைகளைச் சேர்த்து ஒட்டி, துணி காயப்போடும் கிளிப்பால் தொங்கவிட்டிருப்பார். உலகமே பார்த்து ஏங்கிய முகங்கள் எல்லாம் அட்டைக்குப் பின்னால் போய்விடும். மிஞ்சுவது கறுப்பு வெள்ளையில் கவுன் விளிம்புகள், கால்சட்டை மடிப்புகள், பளபளக்கும் காலணிகள். ரிமோட்டை அழுத்துவார். ஒரு பெண்ணின் வலது கால் ஒரு படியை விட்டு, அடுத்த படியைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்.

"மூஞ்சியப் பாத்தா மயங்கிடுவீங்க. மூஞ்சிக்கு மேக்கப் போட ஆள் உண்டு. காலுக்கு யார் இருக்கா?" என்பார்.

மருத்துவமனையின் தரைத்தளத்தில், துணி வெளுக்கும் இடத்துக்கு அடுத்த அறை அவருடையது. பிடித்து நடக்க இரண்டு கம்பிகள், ஆளுயரக் கண்ணாடி, எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காத நான்கு மரப்படிகள், நீல மெத்தை ஒன்று. வாசல் பலகையில் இயன்முறைச் சிகிச்சை என்று எழுதியிருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. விழுந்தவர்களையும் முடங்கியவர்களையும் மறுபடி நடக்கவைப்பவர் என்பதால் நோயாளிகள் அவருக்கு வைத்த பெயர் நடைக்காரம்மா. வயது ஐம்பத்தாறு. குட்டையான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, ரப்பர் அடி வைத்த செருப்பு. அவர் பின்னால் வந்து நிற்பதே தெரியாது.

பஸ் கண்டக்டர் ஒருவர் முதல் நாள் மனைவியின் தோளைப் பிடித்தபடி வந்து இந்தக் காட்சியைப் பார்த்தார். "நடக்கக் கத்துக்க வந்தா இங்க இங்கிலீஷ் படம் ஓடுது" என்று மனைவியின் காதைக் கடித்தார்.

அவர் கதை ஊர் சிரித்த கதை. இருபத்தாறு வருஷம் நகரப் பேருந்தில் கம்பியைத் தொடாமல் நின்று வேலை பார்த்தவர். ஓடுகிற பஸ்ஸில் விழாத மனிதர், அசையாத குளியலறையில் விழுந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்று பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டுப் போனார்கள். இடுப்பெலும்பில் தகடு வைத்து நாலு திருகு முடுக்கினார்கள். ஏழாம் மாதம் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, தன் வேலை முடிந்தது என்றார். பயம் எக்ஸ்ரேயில் விழாது. வீட்டில் படுக்கையறையிலிருந்து குளியலறை வரை இடுப்பு உயரத்தில் சுவரில் ஓர் அழுக்குக் கோடு ஓடியது. அத்தனையும் அவர் உள்ளங்கை.

இதற்கிடையே பணிமனையிலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. மாதக் கடைசித் திங்களுக்குள் பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் பாஸ் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்த வேலைக்குச் சம்மதம் என்று கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்டால் மிச்சமிருக்கும் ஆறு வருஷமும் கண்ணாடிக்குப் பின்னால்தான். அவர் அந்தப் படிவத்தை நாலாக மடித்து, பேனாவோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். சம்மதமும் இல்லை, தைரியமும் இல்லை.

நடைக்காரம்மாவுக்கு நட்சத்திரங்களின் பெயர்கள் தேவைப்படுவதில்லை. தானே சூட்டிக்கொண்ட பெயர்கள் போதும். அந்தரத்தில் காலை நிறுத்திய பெண் படிக்கட்டு மகாராணி. "பத்தொன்பது படி. எண்ணிட்டேன். தரையில புரள்ற கவுன், ஊசி மாதிரி ஹீல்ஸ். ஒரு தடவகூட கீழ குனிஞ்சு பாக்கல. எதிர்ல நிக்கிற ஆளப் பாத்துக்கிட்டே இறங்குது. நீங்க படியப் பாக்கிறீங்க, அதனாலதான் படி உங்கள மிரட்டுது." துப்பாக்கியோடு வரும் குதிரைக்காரரிடம் அவருக்கு அனுதாபம் உண்டு. "குதிரையில ஏறுறது யாருக்கும் வரும். இறங்கி நாலடி நடக்கட்டும். இந்த ஆளுக்கு முதுகு பிடிச்சிருக்கு. ஊரு அத வீரம்னு நெனச்சுக்குது." அழுது பெயர் வாங்கிய நடிகைகளை அவர் ஒரே வரியில் தள்ளிவிடுவார். "அழுறதுக்கு கிளிசரின் இருக்கு. நடக்கிறதுக்கு என்ன இருக்கு?"

வால்கோட்டு என்று ஒருவர். வால் வைத்த கோட்டு போட்டு, சறுக்குகிற தரையில் காற்றைப்போல ஆடுகிறவர். அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் நடைக்காரம்மாவின் குரல் இறங்கிவிடும். "ஆடுறதப் பாத்து எல்லாரும் கைதட்டுவாங்க. ஆட்டம் முடிஞ்சு நாற்காலி வரைக்கும் ரெண்டடி சும்மா நடக்கிறார் பாருங்க, அங்க தட்டணும். அந்த ரெண்டடிய என்னால முப்பது வருஷமா யாருக்கும் கத்துக்கொடுக்க முடியல." சொல்லிவிட்டு அந்த இரண்டடியைத் திரும்ப ஓடவிடுவார். அப்புறம் மறுபடியும். சிகிச்சை நேரம் போய்க்கொண்டிருக்கும். பக்கவாதம் வந்த தபால்காரரும் முழங்கால் மாற்றிய தையல்காரியும் தங்கள் கால்களை மறந்து, தலையில்லாத அந்த மனிதரின் கால்களை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மாலையில் நடைக்காரம்மாவை அழைத்துப்போக வரும் கணவர் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். பெஞ்சில் உட்கார்ந்து, கேட்பார் இல்லாத புகாரை ஒருநாள் கண்டக்டரிடம் சொன்னார். "இவகூட படம் பாத்தா கதை தெரியாது சார். போன வாரம் ஒரு கொலைப் படம். ஹீரோ யாருன்னு கேட்டேன், தெரியலன்னா. அவனுக்குக் கல்யாணம் ஆச்சான்னு கேட்டேன், தெரியலன்னா. ஆனா பத்தாவது நிமிஷம், கொன்னது அந்த வக்கீல்தான்னு சொல்லிட்டா. இருட்டுல ஓடின நிழலும் அவனும் ஒரே மாதிரி இடது காலை வெளிப்பக்கமா வீசுறாங்களாம். கடைசியில வக்கீல்தான். எனக்கு ரெண்டு மணி நேரம் தண்டம்." புகார்தான், ஆனால் சொல்லும்போது வாத்தியார் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

இந்தப் பேச்செல்லாம் சும்மா பொழுதுபோக்கு என்றுதான் கண்டக்டர் மூன்று வாரம் நினைத்திருந்தார். சங்கீதத்தில்தான் அவர் நினைப்பு புரண்டது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவர் நடந்துகொண்டிருந்தார். நல்ல கால் ஊன்ற, ஆபரேஷன் ஆன கால் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது. நடைக்காரம்மா ராணுவ அணிவகுப்பு மாதிரி ஓடிய ஒரு பாட்டை நிறுத்தினார்.

"இது ரெண்டு எண்ணிக்கை. ஒண்ணு ரெண்டு, ஒண்ணு ரெண்டு. பலமான அடி எப்பவும் ஒரே காலுக்குத்தான். உங்க நல்ல கால் அத வாங்கிக்குது, கெட்ட கால் சோம்பேறியாவே இருக்கு. இப்ப இதக் கேளுங்க. இது மூணு எண்ணிக்கை."

படிக்கட்டு மகாராணி ஆடும் ஒரு மண்டபம் திரையில் வந்தது. நூறு வயலின்கள் இருக்கும். ஒண்ணு ரெண்டு மூணு, ஒண்ணு ரெண்டு மூணு. கண்டக்டர் அந்தத் தாளத்தில் காலெடுத்து வைத்தார். முதல் 'ஒண்ணு' நல்ல காலில் விழுந்தது. அடுத்த 'ஒண்ணு' தானாகவே மற்றக் காலில் வந்து விழுந்தது. அதற்கடுத்தது இங்கே, அதற்கடுத்தது அங்கே. யாரும் சொல்லாமலே இரண்டு காலும் முறை வைத்துக்கொண்டு வேலை செய்தன. கம்பியின் கோடிக்குப் போய்த் திரும்பியபோதுதான், கெட்ட காலில் முழு எடையையும் போட்டு நடந்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

"என்னம்மா செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் செய்யல. அந்தக் காலத்துல எவனோ ஒரு வாத்தியக்காரன் உங்க இடுப்புக்குன்னே போட்டுவச்சிட்டுப் போயிருக்கான்."

ஆனாலும் சூடு கண்ட பூனை பூனைதான். அறைக்குள் நடந்தார். அறைக்கு வெளியே கை தானாகச் சுவரைத் தேடியது. திங்களுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவரே வாயைத் திறந்தார். "நடக்கிறதுக்குப் பயம் இல்லம்மா. விழுறதுக்குத்தான். பஸ்ல நிக்கும்போது விழுந்துட்டா? அத்தனை பேர் முன்னாடி." மனைவி புடவை முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார். அவருக்கும் இதே பயம்தான், சொன்னதில்லை.

நடைக்காரம்மா போய், தொலைக்காட்சியின் அட்டையைக் கழற்றினார். அந்த அறையில் அதுவரை யாரும் பார்க்காத அதிசயம் அது. திரையில் முழு உருவமாக ஒரு மெலிந்த மனிதர் வந்தார். பேசாத படம். நடைக்காரம்மா அவருக்கு வைத்த பெயர் தொபுக்கட்டீர். ஏணியிலிருந்து விழுந்தார், வண்டியிலிருந்து விழுந்தார், காலியான தரையில் தன் காலே தட்டி விழுந்தார். தபால்காரர் கோணிய வாயோடு சிரித்தார். கண்டக்டரின் மனைவியும் சிரித்துவிட்டார்.

"இந்தப் படத்துல நாப்பத்தொரு தடவ விழுறார்" என்றார் நடைக்காரம்மா. "நாம என்ன பண்றோம், அவர் எழுந்திரிக்கிறதுக்குள்ள சிரிச்சு முடிச்சிடறோம். எழுந்திரிக்கிறத யாரும் பாக்கல. பாருங்க. நாப்பத்தொரு தடவையும் வேற வேற மாதிரி எழுந்திரிக்கிறார். ஒரு தடவகூட யாரும் கை கொடுக்கல. இவரவிடப் பெரிய நடிகன் இன்னும் பொறக்கல. என்னக் கேட்டா, விழுறதும் ஒரு வழிதான். தரைக்குப் போற வழி. வழி தெரிஞ்சா பயம் எதுக்கு?"

சொல்லிக்கொண்டே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்டக்டரின் மனைவியிடம் கொடுத்தார். மெத்தையின் ஓரத்தில் நின்றார். ஐம்பத்தாறு வயது, கஞ்சி போட்ட கோட்டு. அப்படியே சரிந்தார். முழங்கால் மடங்கியது, உடம்பு பக்கவாட்டில் திரும்பியது, தொடை, விலா, தோள் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் இறங்கின. கை ஊன்றவில்லை, தலை படவில்லை. பிறகு புரண்டு, முழங்கையில் எழும்பி, மண்டியிட்டு, ஒரு காலை முன்னால் வைத்து நின்றார். முடி ஒரு பக்கம் கலைந்திருந்தது. தனக்காக ஓர் ஆள் விழுந்து காட்டுவதைக் கண்டக்டர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

மூன்று நாள் அவரும் விழுந்தார். முதல் நாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு. மூன்றாம் நாள் பதினேழு தடவை. மெத்தை என்பதால்தான் என்று அவருக்கே தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் நடைக்காரம்மா கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, "வாங்க, பஸ் ஏறலாம்" என்றார். இரண்டு பேரும் நகரப் பேருந்தில் முன்வாசல் வழியாக ஏறினார்கள். அந்த வண்டியின் கண்டக்டர் இவருடைய பழைய சகா. "அண்ணே, வாங்க, உக்காருங்க" என்று யாரையோ எழுப்பப் போனார். "உக்கார வரல" என்றார் நடைக்காரம்மா. வண்டி கிளம்பியது. நம் கண்டக்டர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார். முதல் நிறுத்தத்தில் ஒரு கையை விட்டார். இரண்டாம் நிறுத்தம் தாண்டியதும் மற்றக் கையையும் விட்டார். வண்டியின் குலுக்கல் பாதத்தில் ஏறி, பழைய ஞாபகமாக முழங்காலில் வந்து நின்றது.

மூன்றாம் நிறுத்தம் வரப்போகிற நேரத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். கண்டக்டர் விழுந்தார்.

மெத்தை இல்லை, இரும்புத் தரை. ஆனால் முழங்கால் மடங்கியது. உடம்பு திரும்பியது. தொடை, விலா, தோள். பஸ்ஸே "ஐயோ" என்று எழுந்தது. பழைய சகா பதறி ஓடிவந்தார். பின்னாலிருந்து நாலைந்து பேர் கை நீட்டிக்கொண்டு வந்தார்கள். நடைக்காரம்மா இருபுறத்து இருக்கைகளையும் பிடித்து, கைகளை விரித்து நடைவழியை அடைத்துக்கொண்டு நின்றார். "யாரும் தொடக் கூடாது" என்றார். ஒருவர் அவரைத் திட்டினார். மனுஷியா நீங்க என்று ஒரு பெண் கேட்டார். அவர் நகரவில்லை. தரையில் கிடந்த கண்டக்டருக்கு அந்தக் கைகள் நடுங்குவது தெரிந்தது. தனக்கு இருந்த பயத்தைவிட அந்த அம்மாவுக்குப் பெரிய பயம் என்று அப்போதுதான் புரிந்தது.

புரண்டார். முழங்கையில் எழும்பினார். மண்டியிட்டார். காலை முன்னால் வைத்தார். நின்றார். இடுப்பு வலித்தது, ஆனால் தாங்கியது. அதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது. கதவு திறந்து, கீழே நின்ற கூட்டம் முண்டியடித்து முன்வாசலில் ஏறியது. நடைக்காரம்மா இன்னும் கைகளை விரித்து நின்றதால் ஏறியவர்களுக்கு உள்ளே போக வழியில்லை. கண்டக்டர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு அந்த நெரிசலைப் பார்த்தார். எட்டு மாதமாக வீட்டில் யாரும் கேட்காத குரல், அடிவயிற்றிலிருந்து, கடைசி இருக்கைவரை கேட்கும்படி வந்தது.

"வழிய மறிச்சுக்கிட்டு நிக்காதீங்கம்மா. உள்ள போங்க, உள்ள போங்க."

நடைக்காரம்மா கைகளை இறக்கினார். சொன்னபடி, உள்ளே போனார்.