டேஞ்சர் ஓவர்

என் ஆங்கிலம் எட்டாம் வகுப்போடு நின்றது. ஓவர் என்றால் மேலே என்று படித்திருந்தேன். பாலம் ஆற்றுக்கு ஓவர், விளக்கு மேஜைக்கு ஓவர். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்குமென்று நினைத்ததே இல்லை.

ஐம்பதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். என் மனைவிக்கு உடன்பிறப்பு ஒரே தம்பி. மதராஸில் ஒர்க்‌ஷாப் வேலை. அவனுக்கு டைபாய்டு கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கடிதம் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. இவளோ எட்டு மாதக் கர்ப்பிணி, போய்ப் பார்க்க வழியில்லை.

அன்று காலை மதராஸிலிருந்து தந்தி வந்தது. இரண்டே வார்த்தை: டேஞ்சர் ஓவர். டேஞ்சர் தெரியும், மின்சாரக் கம்பத்தில் மண்டையோட்டுக்குக் கீழே எழுதியிருப்பது.

"என்னங்க போட்டிருக்கு? மறைக்காம சொல்லுங்க."

"ஆபத்து தலைக்கு மேல போயிடுச்சாம்."

அவள் அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பெருமாள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் ஒரு வேட்டியைப் பையில் திணித்துக்கொண்டு மதராஸ் ரயிலைப் பிடிக்க ஜங்ஷனுக்கு பஸ் ஏறினேன்.

டிக்கெட் கவுண்டரில் வரிசை நீளம். கண்ணீரோடு தந்தியை நீட்டி, "சார், எனக்கு முதல்ல குடுத்துடுங்க" என்றேன். டிக்கெட் கொடுப்பவர் அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்ல சேதிக்கு ஏங்க அழறீங்க?"

"ஆபத்து மேல போயிடுச்சுன்னு..."

"நல்லா படிச்சீங்க போங்க! சினிமா ஓவர்னா படம் கூரை மேல ஏறிடுச்சுன்னா அர்த்தம்? முடிஞ்சுபோச்சுங்க."

"யாரு சார், ஆளா?"

"ஐயோ, ஆபத்துங்க! ஆபத்துதான் முடிஞ்சுபோச்சு. ஆள் பொழைச்சுக்கிட்டாரு. வீட்டுக்குப் போங்க."

கைகூப்பிவிட்டு ஓடினேன். வீட்டில் அவள் அதே இடத்தில் அசையாமல் இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். வெகுநேரம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அவனுக்குப் பதிலா என்னை எடுத்துக்கோன்னு பெருமாள்கிட்ட சொல்லிட்டேங்க. பிள்ளை பொறந்தப்புறம் எப்ப வேணாலும்னு."

"நான் தப்பா படிச்சதுக்கு நீ சொன்ன வார்த்தை அது. அது கணக்குல சேராது."

"சொன்னது சொன்னதுதானே? குடுத்ததைத் திருப்பிக் கேக்கலாமா?"

குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். சந்நிதியில் எனக்குச் சுலோகம் எதுவும் வாயில் வரவில்லை. "அவள் கொடுத்ததை எடுத்துக்கொள்ளாதே அப்பா. தவறு என்னுடையது, நான் படிக்காதவன்" என்று மட்டும் வேண்டினேன். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். தீர்த்தம் வாங்கிக்கொண்டு, மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.